உங்களுக்குத் தெரியுமா? பித்தம் வழியடைத்தால் வரும் காமாலை

● ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து முடித்த சிவப்பணுக்கள் உடையும்போது பிறக்கும் மஞ்சள் நிறமிதான் பிலிரூபின். பெரியவர் ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு 250 முதல் 300 மில்லிகிராம் வரை இது உண்டாகிறது. கல்லீரல் இதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றி, பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பிவிடும். சிவப்பணு அளவுக்கு மீறி உடைந்தாலும் காமாலை வரும். கல்லீரலே நோயுற்றாலும் வரும். கல்லீரல் ஒழுங்காக அனுப்பியும் பித்தநாளம் வழியில் அடைபட்டாலும் வரும். இந்த மூன்றாவதுதான் அடைப்புக் காமாலை. அரிதான விதிவிலக்குகளைத் தவிர, மருந்தும் பத்தியமும் இந்த அடைப்பைத் திறக்காது என்பதால், கண் மஞ்சளானவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'அடைப்பு இருக்கிறதா?'

● ரத்தத்தில் பிலிரூபின் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமை ஒட்டி இருப்பது இயல்பு. அது 2.5 அல்லது 3ஐத் தொட்ட பிறகுதான் நம் பார்வைக்கு மஞ்சள் தெரியும். விழிவெண்படலத்தில் நிறைந்திருக்கும் எலாஸ்டின் என்ற புரதம் பிலிரூபினைப் பிடித்துவைத்துக்கொள்வதால், தோலுக்கு முன்பே கண் நிறம் மாறுகிறது. மஞ்சள் பல்பின் கீழே பார்த்தால் தவறவிட்டுவிடுவோம். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், கீழிமையை இறக்கிப் பாருங்கள். கேரட், பப்பாளி அதிகம் சாப்பிடுபவர்களுக்கு உள்ளங்கை மஞ்சளாவதுண்டு. அவர்களுக்குக் கண் வெள்ளையாகவே இருக்கும்.

● காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழியில் மட்டும்தான். பொதுவாக நோயாளிக்கு உலகம் எப்போதும்போலவே தெரிகிறது. அதனால்தான் பலருக்கும் வீட்டில் வேறு யாராவது சொல்லும்வரை தெரிவதே இல்லை.

● அடைப்பைப் பற்றிய முதல் தடயம் கழிவறையில் கிடைக்கிறது. மலத்துக்குப் பழுப்பு நிறம் தருவது, குடலுக்கு வந்த பிலிரூபினைப் பாக்டீரியாக்கள் மாற்றுவதால் உண்டாகும் ஸ்டெர்கோபிலின். பித்தநீர் குடலுக்கே வராவிட்டால் மலம் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். கொழுப்பு செரிக்காததால் எண்ணெய்ப் பசையோடு தண்ணீரில் மிதக்கவும் செய்யும். அதே நேரத்தில், கல்லீரல் ஏற்கெனவே கரையும்படி மாற்றிவைத்த பிலிரூபின் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக வெளியேறும். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்துக்குப் போகும். வெளுத்த மலம், கறுத்த சிறுநீர், மஞ்சள் கண் மூன்றும் சேர்ந்து வந்தால் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வைரஸ் காமாலையிலும் சில நாட்கள் மலம் வெளுக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் வெளுத்தே இருப்பது வேறு செய்தி. மருத்துவர் கேட்கும்போது கூச்சப்பட்டு 'எல்லாம் சரியாகத்தான் போகிறது' என்று சொல்லிவிடுபவர்கள் ஏராளம். தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். விலையுயர்ந்த சில பரிசோதனைகளைவிட அந்த ஒரு பதில் அதிகம் சொல்லும்.

● அடுத்த தடயம் அரிப்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி, இரவில் தூங்கவிடாமல் வாட்டும். தோலில் தடிப்பு எதுவும் இருக்காது. சொறிந்த கோடுகள்தான் இருக்கும். இது ஹிஸ்டமினால் வரும் அரிப்பு அல்ல என்பதால் வழக்கமான அலர்ஜி மாத்திரை பெரிதாக உதவுவதில்லை. சிலருக்குக் கண் மஞ்சளாவதற்கு முன்பே அரிப்பு வந்துவிடும். அவர்கள் முதலில் போவது தோல் மருத்துவரிடம்.

● கல்லீரல் ஒரு நாளில் சுரக்கும் பித்தநீர் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. அத்தனையும் கடந்துபோகும் பொதுப் பித்தநாளத்தின் உட்குறுக்களவு வழக்கமாக 6 மில்லிமீட்டருக்குள்தான். அது கணையத்தின் தலைப்பகுதியை ஊடுருவிச் சென்று, பெரும்பாலானோருக்குக் கணைய நாளத்தோடு சேர்ந்து, சிறுகுடலின் தொடக்கத்தில் திறக்கிறது. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஆபிரகாம் வாட்டரின் பெயரைத் தாங்கிய 'வாட்டர் முகப்பு' அது. அங்கே காவல் இருக்கும் சிறு தசை வளையத்துக்கு ஓடி தசை என்று பெயர். 1887இல் அதை விவரித்த ருகெரோ ஓடி அப்போது இத்தாலியின் பெருஜியா நகரில் மருத்துவ மாணவர்.

● இந்தக் குறுகிய வழியை அடைப்பவற்றில் முதலிடம் பித்தக்கல்லுக்கு. பித்தப்பையில் உருவான கல் நழுவி நாளத்துக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்கிறது. வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கற்கள் அதிகம். நம் தென்னகத்தில் கறுத்த நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கணிசம். கல்லால் வரும் காமாலை பெரும்பாலும் வலியோடு வரும்: வலது விலாவுக்குக் கீழோ மேல்வயிற்றிலோ பிடித்து, சிலருக்கு வலது தோள்பட்டைவரை ஓடும். இதை 'கேஸ்' என்று நினைத்துச் சோடா குடித்துப் படுத்துவிடுபவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

● மஞ்சள் கண், மேல்வயிற்றில் வலி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். இந்த மூன்றையும் ஒருசேரக் கண்டு 1877இல் எழுதியவர் பிரெஞ்சு மருத்துவர் ழான்-மார்ட்டின் ஷார்கோ. அடைபட்டுத் தேங்கிய பித்தநீரில் கிருமி பெருகிவிட்டதன் அறிகுறி இது. 1959இல் அமெரிக்க மருத்துவர்கள் ரெனால்ட்ஸும் டார்கனும் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: ரத்த அழுத்தம் வீழ்வது, மனம் குழம்புவது. இந்த நிலைக்குப் போனவருக்கு ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. தேங்கிய பித்தத்தை உடனே வடித்தாக வேண்டும். காமாலை உள்ளவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

● வாட்டர் முகப்பில் சிக்கிய ஒரு சின்னக் கல் கணைய அழற்சியையும் கிளப்பிவிடும். இதை 1901இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடந்த பிணப் பரிசோதனை ஒன்றிலிருந்து காட்டியவர் யூஜீன் ஓப்பி.

● வலியே இல்லாமல், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் காமாலை வலியுள்ளதைவிட அஞ்ச வேண்டியது. நடுவயதைத் தாண்டியவருக்கு இப்படி வந்தால், கணையத் தலையில் புற்று இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது. உடன் பசி குறையும், எடை இறங்கும். சிலருக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் புதிதாகச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்கும். 'வலி இல்லையே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவது இந்த நோயில்தான் மிகப் பெரிய இழப்பு. ஏனென்றால் கணையத் தலையில் வளரும் கட்டி பித்தநாளத்தை நெருக்கிக் கண்ணில் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. வாலில் வளரும் கட்டிக்கு அந்த வாய்ப்பில்லை. காமாலை கொடுத்த முன்னறிவிப்பைப் பயன்படுத்திக்கொண்டவர்களில் ஒரு பகுதியினருக்காவது கட்டியை முழுதாக அகற்ற முடிகிறது. அந்த அறுவைக்கு விப்பிள் என்று பெயர். நியூயார்க்கின் ஆலன் விப்பிள் 1935இல் அதைப் பற்றி எழுதினார். பெர்லினில் வால்தர் கௌஷ் 1909இலேயே அப்படி ஒன்றைச் செய்திருந்தார்.

● சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர அறுவை மருத்துவர் லுட்விக் கூர்வாசியே, பித்தநாளம் அடைபட்ட 187 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 1890இல் வெளியிட்டார். காமாலையோடு, வலியில்லாமல் வீங்கிய பித்தப்பை வயிற்றில் கைக்குத் தட்டுப்பட்டால் காரணம் கல்லாக இருக்க வாய்ப்புக் குறைவு என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். கல் இருந்த பித்தப்பை பலமுறை அழற்சி கண்டு தழும்பேறிச் சுருங்கியிருக்கும், விரியாது என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். ஸ்கேன் காலத்திலும் மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தருகிறார்கள். விதிவிலக்குகள் உண்டு, கூர்வாசியேயும் அதை மறைக்கவில்லை.

● காமாலை ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிறதா? இறங்கியதைக் கண்டு நிம்மதி அடைய வேண்டாம். நாளத்தில் உருளும் கல்லும் அப்படிச் செய்யும். வாட்டர் முகப்பில் வளரும் கட்டியும் அவ்வப்போது சிதைந்து உதிர்ந்து வழிவிட்டு அப்படிச் செய்யும்.

● கல்லீரலிலிருந்து வெளிவரும் இரண்டு நாளங்கள் சேரும் கூட்டில் வளரும் புற்றுக்கு, 1965இல் அதை விவரித்த யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு கிளாட்ஸ்கின் பெயர். பித்தப்பைக் கழுத்தில் சிக்கிய கல், நாளத்துக்குள் இறங்காமலேயே பக்கத்திலிருந்து அதை நெருக்கிக் காமாலை வரவைப்பதற்கு அர்ஜென்டினாவின் பாப்லோ மிரிஸி பெயர்.

● குடலில் வாழும் நாக்குப்பூச்சி வாட்டர் முகப்பு வழியே ஏறிப் பித்தநாளத்துக்குள் புகுந்துவிடும். காஷ்மீரில் இது எவ்வளவு பரவலாக நிகழ்கிறது என்பதை விரிவாகப் பதிவு செய்தவர் ஸ்ரீநகர் மருத்துவர் முகமது சுல்தான் குரூ. ஹெபடைடிஸ் 'இ' என்று இன்று அழைக்கப்படும் நோயை 1978இல் காஷ்மீரில் பரவிய தொற்றிலிருந்து முதலில் அடையாளம் கண்டவர்களில் ஒருவரும் இவரே. தாய்லாந்தின் வடகிழக்கில் சிக்கல் வேறு. ஆற்றுமீனைப் பச்சையாகக் கொத்திச் செய்யும் 'கோய் ப்லா' வழியே கல்லீரல் தட்டைப்புழு உள்ளே போய், பித்தநாளத்தில் பல்லாண்டு தங்கிப் புற்றுக்கு அடிகோலுகிறது. உலகிலேயே பித்தநாளப் புற்று மிக அதிகமாக உள்ள பகுதி அது. அந்தப் புழுவையே புற்று உண்டாக்கும் காரணியாக 1994இல் சர்வதேசப் புற்றாய்வு முகமை வகைப்படுத்தியது.

● கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்று தென்னிந்தியாவைவிட மிக அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதல். அவர்களில் பலருக்கு முதலில் வெளியே தெரிவது காமாலைதான்.

● கணையத் தலையில் கட்டி, அடைப்புக் காமாலை, எடை இழப்பு. பார்த்தால் புற்று. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையிலேயே சில வாரங்களில் கரைந்துவிடும் ஒரு நோயும் இதே வேடத்தில் வருகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் கணையத்தையே தாக்குவதால் வருவது. இவர்கள் ரத்தத்தில் 'ஐஜிஜி4' என்ற எதிர்ப்புரதம் கூடியிருப்பதை 2001இல் ஜப்பானிய மருத்துவர்கள் காட்டினார்கள். பெரிய அறுவைக்கு முன் இந்தச் சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது.

● ஒரு பித்தநாளம் உலக அரசியலோடு மோதியதும் உண்டு. பிரிட்டனின் அந்தோணி ஈடன் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, 1953 ஏப்ரலில் லண்டனில் அவருக்குப் பித்தப்பை அறுவை நடந்தது. அதில் பித்தநாளம் காயப்பட்டுவிட்டது. பாஸ்டன் நகருக்குப் போய் ரிச்சர்டு கேட்டலிடம் அதைச் சீரமைத்துக்கொண்டார். நாளம் முழுதாகச் சரியாகவில்லை. காய்ச்சல் அவ்வப்போது திரும்பி வந்தது. பிரதமரான பின், சூயஸ் கால்வாய் நெருக்கடி முற்றிக்கொண்டிருந்த 1956 அக்டோபரில், அவருக்குக் காய்ச்சல் 106 டிகிரியைத் தொட்டது. உடல்நிலையைக் காரணம் காட்டி 1957 ஜனவரியில் பதவி விலகினார். பித்தப்பையை அகற்றும்போது நாளம் காயப்படுவது இன்று லேப்ராஸ்கோப்பியிலும் அரிதாக நடக்கிறது. அறுவை முடிந்து சில நாளிலோ, மாதங்கள் கழித்தோ கண் மஞ்சளானால், அறுவை செய்தவரிடமே உடனே போய்க் காட்டுங்கள்.

● பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம் என்று எல்லாப் பாட்டிமார்களும் சொல்வார்கள். உண்மைதான், நிறைமாதக் குழந்தைகளில் பாதிக்கு மேல் வரும், இரண்டு வாரத்தில் போகும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்து, மலமும் வெளுத்திருந்தால் அது சகஜம் அல்ல. பித்தநாளமே அழிந்து மூடிப்போகும் 'பிலியரி அட்ரீஷியா'வாக இருக்கலாம். வெயிலில் காட்டிக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் கல்லீரலில் தழும்பு ஏறும். ஜப்பானின் சென்டாய் நகரில் மோரியோ கசாய் 1950களில் ஓர் அறுவையைக் கண்டுபிடித்தார். கல்லீரலின் வாயிலில் குடலையே நேராகக் கொண்டுபோய்த் தைப்பது. பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பித்தம் ஓடத் தொடங்கும் வாய்ப்பு அதிகம். நாள் ஆக ஆகக் குறையும். எதுவும் செய்யாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

தைவான் இதற்குச் செய்த ஏற்பாட்டைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. குழந்தையின் மலம் எந்த நிறத்தில் இருந்தால் கவலை இல்லை, எந்த நிறத்தில் இருந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று படம் போட்ட ஓர் அட்டையை, 2004 முதல் நாடு முழுவதும் தாய்மார்களுக்குக் கொடுக்கும் குழந்தைநலக் கையேட்டில் சேர்த்துவிட்டார்கள். அதன்பின் அறுபது நாளுக்குள் அறுவைக்கு வரும் குழந்தைகள் கூடினார்கள். ஓர் அட்டை அச்சிட என்ன செலவாகிவிடும்? நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி அட்டையோடு இதையும் சேர்த்துக் கொடுக்கலாமே! இந்த நோய் முற்றினால் கல்லீரலையே மாற்ற வேண்டியிருக்கும். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அறுவை 1998இல் டெல்லியில் நடந்தது. காரணம் இதே நோய்தான். குழந்தை நம் காஞ்சிபுரத்துப் பிள்ளை.

● கீழாநெல்லி. தமிழ்நாட்டில் காமாலை என்றதும் நினைவுக்கு வரும் முதல் பெயர். 1988இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜனும் குழுவினரும், கீழாநெல்லி ஹெபடைடிஸ் 'பி' கிருமியை அகற்ற உதவுவதாக 'லேன்செட்' இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் அந்த விளைவை உறுதிப்படுத்தவில்லை. இந்தச் செடியின் மீது மக்களுக்கு உள்ள நம்பிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் தண்ணீர் வழியே பரவும் ஹெபடைடிஸ் 'ஏ', 'இ' காமாலைகள் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தாமாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் எது சாப்பிட்டாலும் அதுவே குணப்படுத்தியதுபோலத் தெரியும்.

அடைப்புக் காமாலையில் அப்படித் தானாக இறங்கும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. நாளத்தில் கல் சிக்கியவருக்கும் கணையத்தில் கட்டி வளர்பவருக்கும் மூன்று வேளை மருந்தும் உப்பில்லாப் பத்தியமுமாக ஒரு மண்டலம் கழிந்தால், அந்த 48 நாளில் கட்டி அறுவைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடலாம். அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்பவர்கள் வருத்தத்தோடு திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். நாட்டுவைத்தியரை மதிப்பவர்கள் அவரிடமே போகட்டும். போவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு வயிற்று ஸ்கேனும் எடுத்துக்கொண்டு போகட்டும்.

● அந்த ரத்தப் பரிசோதனைக்கு 'எல்.எஃப்.டி.' என்று பெயர். மொத்தப் பிலிரூபினோடு 'டைரக்ட்' எனப்படும் பகுதி எவ்வளவு என்றும் பாருங்கள். அடைப்பில் கூடுவது அதுதான். கூடவே அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி பல மடங்கு ஏறியிருக்கும். எலும்பு வளரும் வயதுப் பிள்ளைகளுக்கும் இந்த நொதி இயல்பாகவே அதிகம் என்பதால், ஈரலிலிருந்துதான் வந்ததா என்று தெரிய ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதியையும் பார்ப்பார்கள்.

● கல் சிக்கிய முதல் ஓரிரு நாளில் மட்டும் ரத்தமுடிவு ஏமாற்றும். எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி நூற்றுக்கணக்கில் எகிறி, வைரஸ் காமாலைபோலக் காட்டிவிட்டு, பிறகு சடசடவென்று இறங்கும். நாளம் விரிய அவகாசம் கிடைத்திருக்காது என்பதால் ஸ்கேனும் அப்போது சாதாரணமாக இருக்கலாம். வலி கடுமையாக இருந்தால் பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

● பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடலில் சேராது. 'கே' குறைந்தால் ரத்தம் உறைவது தாமதமாகும். பல் துலக்கும்போதே ஈறில் கசியும். வைட்டமின் 'கே' ஊசி போட்டு ஓரிரு நாளில் உறைநேரம் சீரானால் கல்லீரல் செல்கள் இன்னும் தெம்பாக இருக்கின்றன, குறை பித்தம் வராததில்தான் என்று பொருள். சிகிச்சையும் சோதனையும் ஒரே ஊசியில்.

● அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வது ஏன்? சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், குடலில் வாயுவும் கூடும். நாளம் விரிந்திருக்கிறதா, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்பதை இது நன்றாகச் சொல்லும். ஆனால் நாளத்தின் கீழ்முனையைக் குடல் வாயு மறைப்பதால் அங்கே சிக்கிய கல்லைத் தவறவிடக்கூடும். 'ஸ்கேன் நார்மல்' என்ற ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அடுத்தது எம்.ஆர்.சி.பி. நாளத்தில் நிற்கும் பித்தநீரையே காந்தப்புலத்தில் ஒளிரச் செய்து படமெடுப்பதால், இதற்குச் சாய ஊசி தேவையில்லை. கட்டி என்ற சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன். சின்னக் கல்லையும் சின்னக் கட்டியையும் குடலுக்குள்ளிருந்தே பார்த்து, வேண்டுமானால் ஊசியால் திசு எடுத்துவரவும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் இருக்கிறது.

● நாளம் விரியவே இல்லை, ஆனால் ரத்தமுடிவு அடைப்பைப்போலவே இருக்கிறதென்றால், சாப்பிட்டுவரும் மாத்திரைகளின் பட்டியலை எடுங்கள். சில ஆன்டிபயாடிக்குகளும், உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்கப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டுகளும் ஈரலுக்குள்ளேயே பித்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

● 'சி.ஏ. 19-9' என்ற புற்றுக்குறி கூடியிருக்கிறது என்று தாள் வந்தவுடன் வீட்டில் அழுகை வேண்டாம். வெறும் கல் அடைப்பிலும், கிருமித்தொற்றிலும் அது ஏறும். அடைப்பு நீங்கியபின் மறுபடி பார்க்க வேண்டும். மறுபக்கம், ரத்தத்தில் லூயிஸ் வகை இல்லாத சிலரின் உடல் இந்தப் பொருளைத் தயாரிப்பதே இல்லை. அவர்களுக்குப் புற்று இருந்தாலும் அளவு ஏறாது.

● வாய் வழியே எண்டோஸ்கோப்பை இறக்கி, வாட்டர் முகப்பில் சாயம் செலுத்தி நாளத்தைப் படமெடுக்கும் இ.ஆர்.சி.பி.யை 1968இல் வாஷிங்டனில் வில்லியம் மெக்கூன் முதலில் அறிவித்தார். 1974இல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் அதே வழியில் ஓடி தசையை வெட்டிக் கல்லை எடுத்துக் காட்டினார்கள். வயிற்றைக் கிழிக்காமல் கல் வெளியே வந்தது அப்போதுதான். இதற்குப் பின் நூற்றில் சிலருக்குக் கணைய அழற்சி வருவதால், படம் பார்க்க மட்டும் இன்று இதைச் செய்வதில்லை, அதற்கு எம்.ஆர்.சி.பி. இருக்கிறது. கல் எடுக்கவோ, வழி திறந்திருக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைக்கவோ தேவைப்படும்போதுதான் இது. கீழேயிருந்து போக முடியாத அடைப்புக்கு விலாவின் வழியே மெல்லிய ஊசியை ஈரலுக்குள் செலுத்திப் பித்தத்தை வெளியே வடிப்பார்கள். அந்த ஊசிக்கு, அது உருவான ஜப்பானிய நகரமான சிபாவின் பெயர்.

● ஸ்டென்ட் வைத்தாயிற்று, கல்லும் எடுத்தாயிற்று. சிறுநீர் ஓரிரு நாளில் தெளிகிறது, மலம் பழுப்புக்குத் திரும்புகிறது, அரிப்பு அடங்குகிறது. கண் மட்டும் இன்னும் மஞ்சள்! வீட்டில் உள்ளவர்கள் சிகிச்சை பலிக்கவில்லையோ என்று பயந்து வேறு வைத்தியத்துக்கு ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். நாள்பட்ட அடைப்பில் பிலிரூபினின் ஒரு பகுதி ரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தோடு இறுகப் பிணைந்துவிடும். அப்படிப் பிணைந்தது சிறுநீரில் இறங்காது. ஆல்புமின் தன் ஆயுள் முடிந்து அழியும் வேகத்தில்தான் குறையும். ஏறக்குறைய 20 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே கண் வெளுக்கச் சில வாரங்கள் பிடிக்கும். இடையில் காய்ச்சலோ நடுக்கமோ வந்தாலும், சிறுநீர் மறுபடி கறுத்தாலும் ஸ்டென்ட் அடைத்திருக்கலாம். அன்றே போய்க் காட்டுங்கள். பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தவர்கள் அதை வழக்கமாக மூன்று மாதத்துக்குள் மாற்றவோ எடுக்கவோ வேண்டும். தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.